நீல வலயம்

இந்த நாட்டில் நேரத்தைக் கையால் திருப்பலாம்.
கார்க் கண்ணாடிக்கு உள்ளே ஒரு நீல மட்டை,
அதில் சுழலும் ஒரு வட்டம்.
வந்த நேரத்தை வைத்துவிட்டுப் போனால்
ஒரு மணித்தியாலம் காசில்லாமல் நிற்கலாம்.
பிறகு வட்டத்தைத் திருப்பினால் மட்டும் போதாது,
வண்டியும் அசைய வேண்டும்.

மிதுசா அசையாமல் கிடக்கிறாள்
மேலே, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே.
ஏழு வயது. இதயத் தசையில் அழற்சி.
மூச்சை மெஷின் விடுகிறது.

வைத்தியச் செலவைக் காப்புறுதி பார்க்கும்.
அதைச் சொல்லித்தான் எல்லோரும் ஆறுதல் தருகிறார்கள்.
"சுவிஸ்தானே, உங்களுக்கென்ன."
மணித்தியாலக் கூலிக்காரன்
போகாமல் விட்ட மணித்தியாலத்தை யார் பார்ப்பது?
சுகிர்தாவுக்கு லீவு முடிந்து
சம்பளமில்லா லீவும் முடியப்போகிறது.
யோகண்ணையின் சீட்டை நாலாம் மாதமே
ஆயிரத்து முந்நூறு கழிவு கூறி எடுத்தேன்.
"அவசரப்பட்டிட்டாய்" என்றார்.
ஓம் அண்ணை.

ரயிலில் வரலாமே என்கிறார்கள்.
சுமிஸ்வால்டில் குசினி கழுவி முடியப் பன்னிரண்டரை.
அந்நேரம் அங்கே ஓடுவது ஆறு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஒரு பகல்
ஒன்றரை மணித்தியாலப் பாத்திரம்.
எனக்கு இப்போது காசு அப்படித்தான் தெரிகிறது.
ஒரு கோப்பி, முப்பது தட்டு.
அவள் கண் திறந்தால் கொடுக்கவென்று வாங்கிய
துணி முயல், ஐந்து அண்டா.

பதினேழாம் நாள் இந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன்.
மணிக்கொரு தரம் படியிறங்கி ஓடுவேன்.
மத்தியானம் கவின் தனியாக வீடு திறந்து
நேற்றைய சோற்றைச் சூடாக்கிக்கொண்டு தாய்க்கு அடிப்பான்.
"அப்பா எங்கை?"
"நேரம் திருப்பப் போட்டார்."

என்னுடையது குசினி ஜெர்மன்.
சூடு. கெதியா. முடிஞ்சுது.
அந்த மூன்றாவது சொல் வந்துவிடுமோ என்று
டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
அவர் நீளமாகப் பேசுவார்.
நீளமாகப் பேசினால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று
நானாகவே எடுத்துக்கொள்வேன்.

தெருவில் பீயுஸைச் சந்தித்தேன்.
வாலிஸ் நம்பர் தகடு, பின் இருக்கையில்
இன்னும் கழற்றாத குழந்தை ஆசனம்.
அவர் பேசுவது எனக்கு விளங்காது,
பேர்ன்காரருக்கும் விளங்காது என்று அவரே சிரித்தார்.
இரண்டு கையாலும் அளவு காட்டினார்:
இவ்வளவுதான் அவருடைய பிள்ளை.
ஒரு பாண் அளவு.

அதன் பிறகு ஒன்றாகவே இறங்கினோம்.
அவர் இடத்துக்கு நான்,
என் இடத்துக்கு அவர்.
சட்டப்படி இரண்டு வண்டியும் அசைந்தாயிற்று.
ஒருநாள் மழையில் ஆளையாள் பார்த்துக் கையசைத்தோம்,
எல்லைக் காவல் மாற்றும் சிப்பாய்கள் மாதிரி.
சிகரெட் தந்தார். நான் பிடிப்பதில்லை. பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவருடைய கார் இல்லை.
புதன் காலையிலும் இல்லை.
மேலே தாதி ரெகுலாவிடம் கேட்கலாம்.
சொல்ல மாட்டாள், சொல்லக்கூடாது,
ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே.
கேட்கவில்லை.
வீட்டுக்குக் கொண்டு போயிருப்பார்கள்.
மலையில் இப்போது வெயில் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

நீலக் கோட்டுக்குள் அவர் இடம் வெறுமையாக,
மரத்துக்குக் கீழ், என் காருக்கு அளவாக.
பின்னால் ஒருத்தி ஹோர்ன் அடித்தாள்.
நான் உள்ளே விடவில்லை.
ஒரு சுற்றுப் போனேன், திரும்பி வந்தேன்,
இன்னும் வெறுமை,
இன்னொரு சுற்று.

பிறகு ஆஸ்பத்திரி நிலக்கீழுக்கு இறக்கி
மெஷினிடம் சீட்டு வாங்கினேன்.

சுகிர்தா என் கையில் அந்தச் சீட்டைக் கண்டாள்.
"ஏன், கீழை இடமில்லையே?"
மிதுசாவின் பாதம் போர்வைக்கு வெளியே
குளிர்ந்து கிடந்தது. பிடித்து மூடினேன்.
"இல்லை" என்றேன்.
"எல்லாம் நிறைஞ்சு போச்சு."